மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வேண்டியது குடும்பம்
நிலைப்பாட்டு அறிக்கை

பெற்றோரால் வளர்க்க இயலாத கைக்குழந்தைகளைக் குழந்தைகள் இல்லங்களில் வைத்து வளர்க்கலாமா? குழந்தைகளின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் பணியாற்றுவோரின் அமைப்பு என்ற முறையில் எங்கள் பதில்: கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையும் ஒரு குடும்பத்தில்தான் வளர வேண்டும். இல்லப் பணியாளர்களின் உழைப்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. முறைவைத்து மாறும் பணியாளர்களால், எத்தனை அன்பிருந்தாலும், ஒரு குழந்தைக்கு உரிய ஒரே ஆளாக இருக்க முடிவதில்லை என்பதே எங்கள் கவலை.

உடலில் நடப்பது என்ன?

ஆபத்தை உணர்ந்ததும் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்ட, ரத்தத்தில் கார்டிசால் ஏறுகிறது. ஆபத்து நீங்கியதும் மூளையே அதைத் தணிக்கிறது. கார்டிசாலுக்கு அன்றாட ஒழுங்கும் உண்டு: காலையில் விழித்த சற்று நேரத்தில் உச்சத்தைத் தொடும், இரவில் மிகவும் குறைந்துவிடும். பச்சிளம் குழந்தையால் இந்த ஏற்ற இறக்கத்தைத் தானாகச் சமாளிக்க முடியாது. அழும்போது தூக்கும் பழகிய கைகளும் தெரிந்த குரலும்தான் அதன் கார்டிசாலைக் கட்டுக்குள் வைக்கின்றன. அந்த ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் கழியும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் மூளை அந்த இல்லாமைக்கு ஏற்பவே தன்னை அமைத்துக்கொள்கிறது.

ருமேனியா காட்டிய உண்மை

ருமேனியாவில் சௌசெஸ்கு அரசு 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் குழந்தைகளை அரசு இல்லங்களில் விட்டன. 1989-இல் அந்த ஆட்சி வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இல்லங்களில் இருந்தனர். பின்னர் மேரி கார்ல்சனும் ஃபெல்டன் எர்ல்ஸும் அங்கிருந்த சிறு குழந்தைகளின் எச்சிலில் கார்டிசாலை அளந்தபோது, இயல்பாகக் காணவேண்டிய காலை உச்சம் அவர்களிடம் இல்லை.

2000-இல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோர் புகாரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றனர். மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு தொடர்ந்தது. நான்கரை வயதில் சராசரி நுண்ணறிவு ஈவு இல்லக் குழந்தைகளுக்கு 73. வளர்ப்புக் குடும்பத்துக்குச் சென்றவர்களுக்கு 81. பெற்றோரிடம் வளர்ந்தவர்களுக்கு 109.

பன்னிரண்டு வயதளவில், பிறர் முன் பேசுவது போன்ற பதற்றம் தரும் பணிகள் அவர்களுக்குத் தரப்பட்டன. இல்லப் பராமரிப்புக் குழுவினரின் கார்டிசால் எழவேண்டிய அளவுக்கு எழவில்லை. இதை மன அமைதி என்று எண்ணிவிடக் கூடாது. அபாய மணியே சரியாக அடிக்காத நிலை இது. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்தை அடைந்தவர்களிடமோ கார்டிசால் பெற்றோரிடம் வளர்ந்தவர்களைப் போலவே எழுந்தது.

ருமேனிய இல்லங்களிலிருந்து பிரிட்டனுக்குத் தத்துச் சென்றவர்களை, அவர்கள் வளர்ந்து இளைஞர்களான பின் ஆராய்ந்தபோது, அவர்களின் மூளைக் கனஅளவு ஒப்பீட்டுக் குழுவினரைவிட 8.6 சதவீதம் குறைவாக இருந்தது. அதே வேளையில், அமெரிக்காவில் மேகன் கன்னர் நடத்திய ஆய்வு, நல்ல குடும்பத்தை அடைந்த குழந்தைகளின் கார்டிசால் எதிர்வினை பூப்புப் பருவத்தில் இயல்பை நோக்கித் திரும்புவதைக் கண்டது. ஆகவே எந்தக் குழந்தையையும் மீட்க முடியாது என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு. அதைக் குழந்தையே கொடுக்கிறது.

நம் சட்டமும் அதன் இடைவெளியும்

இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குட்பட்டதாயின், குழந்தைகள் நலக்குழு முன் கொண்டுவரப்பட்ட இரண்டு மாதங்களுக்குள் அதைத் தத்துக்கு உரியதாக அறிவிக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது.

ஆனால் தாய் சிறையில் இருக்கும் குழந்தை, பெற்றோர் தீவிர மனநோயில் இருக்கும் குழந்தை, வறுமையால் கொண்டுவிடப்பட்ட குழந்தை ஆகியோரைப் பொதுவாகத் தத்துக் கொடுக்க முடியாது. அவர்களுக்கு ஏற்ற வழி வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது தத்தெடுக்காமல் வேறொரு குடும்பத்தில் வைத்து வளர்ப்பது. அதற்கான 2024 மாதிரி வழிகாட்டுதல்களோ ஆறு வயது கடந்தவர்களையே முதன்மையாகக் கருதுகின்றன. குடும்பம் மிக அவசரமாகத் தேவைப்படும் வயதில் அந்தக் கதவு குறுகலாக இருக்கிறது. ருமேனியா தன் அனுபவத்திலிருந்து கற்று, கடும் ஊனமுள்ளோர் தவிர இரண்டு வயதுக்குட்பட்டோரை இல்லங்களில் சேர்ப்பதற்கு 2005 முதல் சட்டத் தடை விதித்தது. பின்னர் அந்த வயது வரம்பையும் உயர்த்தியது.

வளர்ப்புக் குடும்பத்தில் குழந்தைக்குக் கொடுமை நேர்ந்தால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானது. அதற்குத் தீர்வு கவனமான தேர்வும், பயிற்சியும், முன்னறிவிப்பில்லாத நேரடிப் பார்வையும்தான். அந்த அச்சத்தைக் காரணம் காட்டி எல்லாக் குழந்தைகளையும் இல்லத்திலேயே வைத்திருப்பது தீர்வாகாது.

நாங்கள் கோருவது

1. வறுமை மட்டுமே காரணமாக எந்தக் குழந்தையும் தாயிடமிருந்து பிரிக்கப்படக் கூடாது. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இத்தகைய குடும்பங்களுக்கே முதலில் சேர வேண்டும்.

2. தத்துக்கு உரியவராகாத சிறு குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பராமரிப்பு திறந்துவிடப்பட வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற, உதவித்தொகை பெறும் குடும்பங்களின் பட்டியல் ஒவ்வொரு மாவட்டத்திலும் தயாராக இருக்க வேண்டும்.

3. குழந்தையை ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒவ்வொரு மாற்றமும் அதற்குப் புதிய பிரிவு.

4. இந்த மாற்றம் முழுமையாகும் வரை, இல்லத்திலுள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் நிலையான ஒரு பராமரிப்பாளர் வேண்டும். அவருக்கு உரிய ஊதியமும், அவர் பொறுப்பில் சில குழந்தைகள் மட்டுமே என்ற வரம்பும் வேண்டும்.

சட்ட வழிகாட்டுதல்களைத் திருத்துவது அரசின் கடமை. குழந்தைக்கு நம் வீட்டுக் கதவைத் திறப்பது நம் கையில் இருக்கிறது. வளர்ப்புப் பெற்றோராக விருப்பமுள்ளவர்கள் தங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள்.