மீன்காரம்மாவுக்கா கணக்குத் தெரியாது?

சீர்காழியில் அண்மையில் நடந்த சிறுதொழில் பயிற்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச வந்தவர் எடுத்த எடுப்பிலேயே, சின்ன வியாபாரிகள் தகவலைப் பார்ப்பதில்லை, கைராசியை நம்பிக் குருட்டாம்போக்கில் முடிவெடுக்கிறார்கள் என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

விடியற்காலையில் பூம்புகார் மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து பார்க்கட்டும். ஏலத்தில் கூடை எடுக்கும் அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். விலை கேட்பதற்கு முன்பே பழையாறில் மீன்பாடு எப்படி, நாகப்பட்டினத்தில் எத்தனை விசைப்படகு கரைக்கு வந்தது என்று போனில் விசாரித்துவிடுவார். நாளைக்குக் கிருத்திகையா, அமாவாசையா என்று பார்ப்பார். மயிலாடுதுறை மார்க்கெட்டில் நேற்று மீந்த சரக்கு எவ்வளவு, ஐஸ் என்ன விலை என்பதும் மனதில் இருக்கும். கடைசியாகச் செவுளைத் தூக்கி நிறம் பார்ப்பார். அப்புறம்தான் வாயைத் திறப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதற்கு எவ்வளவு கருவாடு போட்டு வைப்பது என்று மாசியிலேயே கணக்குப் போட்டுவிடுவார். இதுவா குருட்டாம்போக்கு?

மீன் கூடும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கணித்து ஐதராபாத் கடல்சார் தகவல் மையம் சொல்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அதை மீனவர் கைபேசிக்கே கொண்டுவந்தது. கடலுக்குப் போகிறவன் அதை வாங்கிக்கொண்டான். பயன்படுகிற தகவலை வேண்டாம் என்று எவன் சொன்னான்? உரிய நேரத்தில், உரிய ஊருக்கென்று கிடைக்காததுதான் குறை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் முழுமைக்கும் பொதுவாகக் கனமழை என்று சொன்னால், நெல் வியாபாரி எந்த மூட்டையை எங்கே ஏற்றுவார்?

அந்த அம்மாவிடம் நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. வாங்கியது, விற்றது, கடன் நின்றது எல்லாம் தேதிவாரியாக அதில் உண்டு. அதை நம்பித் தண்டல்காரர் பணம் தருகிறார். வங்கியோ ஜிஎஸ்டி தாக்கல் செய்த காகிதம் கேட்கிறது. ஐஸில் வைத்த பச்சை மீனுக்கு ஜிஎஸ்டியே கிடையாது! தகவலைப் பார்க்காமல் முடிவெடுப்பது இங்கே யார்? இதே பூம்புகார் காவிரிப்பூம்பட்டினமாக இருந்தபோது, பொதிகளுக்குப் புலி முத்திரை குத்தி அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அந்த ஊர்க்காரருக்கா கணக்குப் பாடம்?

வங்கி மேலாளர்களே, அடுத்த முறை அந்த அம்மா வந்தால் அந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். மீன்வளத் துறையினரே, ஒவ்வொரு துறைமுகத்தின் ஏல விலையையும் காலை ஏழு மணிக்குள் அவர் போனுக்கு அனுப்புங்கள்.