நாய்க்கு இடும் தின்பண்டம்

நாயை நன்றிக்கு எடுத்துக்காட்டாகக் கூறாத பாலர் பாடப் புத்தகம் அரிது. அந்நன்றிக்குக் கைம்மாறாக நாம் அதற்கு அளிப்பது யாதென நோக்கின், பெரும்பாலும் நம் இலையில் எஞ்சியதும், தேநீரில் தோய்த்த பிஸ்கோத்தும், பிரியாணி எலும்புமேயாம். இந்நாளில் கடைகளில் ‘இயற்கை’ என்று முத்திரையிட்ட நாய்த் தின்பண்டங்களும் வந்து குவிந்துள்ளன. இவற்றைக் குறித்து யான் கூறவேண்டுவது ஒன்று உண்டு. அதனைக் கூறும் உரிமை எனக்கு வந்த வரலாறு இன்பமானதன்று.

மூன்றாண்டுகட்கு முன், கிறிஸ்து பிறப்பு நாளன்று, எங்கள் வீட்டு மணிக்கு என் பங்குக் கேக்கில் பெருந்துண்டு ஒன்றை யானே ஊட்டினேன். அதில் உலர்ந்த திராட்சை நிறைந்திருந்தது. அன்றிரவே வாந்தி கண்டது. மறுநாள் உணவை மறுத்தது. மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது. மிருக வைத்தியர், “என்ன கொடுத்தீர்கள்?” என்று வினவியபோது, “நல்ல பண்டந்தான் ஐயா, வீட்டிலே செய்தது” என்று என் தாயார் விடையிறுத்தார். நான்காம் நாள் மணி இறந்தது. திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்றார் வைத்தியர்.

திராட்சை இயற்கைப் பொருள் அன்றென்பார் யாவர்? வெங்காயமும் பூண்டும் மண்ணில் விளைவனவே. ஆயினும் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்க வல்லன. சாக்கோலேட்டு ஒரு மரத்தின் விதையினின்றும் வருவது. அதிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருளில் பாதி நாயின் உடலினின்று கழியவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். நம் உடல் அதனை விரைவில் கழித்துவிடுதலின் நமக்கு அது இனிப்பு, நாய்க்கு நஞ்சு. இனி, நமக்கே உரிய புளியை நோக்குக. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே கேடு விளைப்பதாகலாம் என்று அமெரிக்க மிருக வைத்தியர் சிலர் 2021-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். பின்னர்ப் புளி தின்ற நாய்களிடத்தும் அத்தகைய சிறுநீரகக் கேடு கண்டமையை எழுதினர். புளியிலும் அவ்வமிலம் மிகுதி. புளிச்சோற்றை வழித்து நாய்த் தட்டில் இடும் கைகள் நம் தெருவில் எத்தனை!

தமிழ் பயில்வோன் ஆதலின் சொல்லொன்றைப் பற்றி உரைத்தல் பிழையாகாது. இயற்கை என்பது தனித்து நிற்கும் சொல் அன்று. எதன் இயற்கை என்று கேட்டாலன்றிப் பொருள் முற்றாது. பண்டத்தின் இயற்கையைக் கூறி விற்கின்றனர் வணிகர். உண்ணும் உயிரின் இயற்கையை யாம் கேட்டிலேம்.

“தெரு நாய்கள் எல்லாம் தின்று உயிர் வாழவில்லையா?” என்பார் உளர். வாழ்வனவற்றைக் காண்கின்றோம், மாண்டவற்றை எவர் எண்ணினர்? நாய் ஓநாயின் இனமாதலின் பச்சை இறைச்சியன்றிப் பிறிதொன்றும் ஆகாது என்பாரும் உளர். அவர் கூற்றும் மிகையே. ஓநாயினும் நாய்க்கு மாச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் மிகுந்துளது என்பது 2013-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியால் விளங்கிற்று. ஆகவே வெறுஞ்சோறு இட்ட நம் பாட்டிமார் பிழை செய்திலர். குழம்பு ஊற்றிப் பிசைந்ததே பிழை.

விலைக்கு விற்கும் நாய்ப் பிஸ்கோத்தோ புதியதன்று. ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் இலண்டனில் இவ்வாணிகத்தைத் தொடங்கினார். இன்று அது சிவப்பும் பச்சையுமாய், எலும்பின் வடிவாய்க் கிடைக்கின்றது. சிவப்பையும் பச்சையையும் நாயின் கண் நன்கு பிரித்தறியாது; அந்நிறங்கள் பணப்பையை உடையவரின் கண்ணுக்கே தீட்டப்பட்டன.

அங்ஙனமாயின் எதனை இடுவது? காரட்டு, அவித்த பறங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வேகவைத்த முட்டை, உப்பும் மசாலையும் எலும்பும் நீக்கிய கோழி இறைச்சி, விதை களைந்த தர்ப்பூசணி ஆகியன நம் சந்தையிலேயே கிடைப்பன. வெந்த எலும்பு கூரிய சிம்புகளாகப் பிளந்து குடலைக் குத்துமாதலின் வேண்டா. அளவும் வேண்டும். தின்பண்டம் நாளுணவின் பத்தில் ஒரு பங்கைக் கடத்தலாகாது என்பது வைத்தியர் பொதுவாகக் கூறும் வரம்பு. பத்துக் கிலோ நிறையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி வேண்டுமெனக் கொள்ளின், தின்பண்டத்திற்கு உரியது 60. நம் தேநீர்ப் பிஸ்கோத்து மூன்றிலே அது தீர்ந்துபோம். காரட்டாயின் 150 கிராம் வரை செல்லும். விடுதியில் நம்மைச் சுற்றும் நாய்க்கு அறைக்கு ஒன்றாகப் பிஸ்கோத்து எறிவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பாராக. அது கொழுத்திருப்பதை நலமென்று கருதுகின்றோம். மாடிப்படி ஏற அது மூச்சு வாங்குவதையும் காண்கின்றோம்.

இப்பொழுது எங்கள் வீட்டில் வேறொரு நாய் வளர்கின்றது. சென்ற கிறிஸ்து பிறப்பு நாளில் என் தாயார் கேக்குத் தட்டை அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டித் திறவுகோலை முந்தானையில் முடிந்துகொண்டார். நாய்க்கு அவித்த பறங்கிக்காய் ஒரு கிண்ணம் கிடைத்தது. அதனை நக்கித் தீர்த்துவிட்டு, அலமாரியின் கீழேயே அது நெடுநேரம் படுத்திருந்தது.