எரியாத பல்பும் ரப்பர் சிலிப்பரும்

லாபு, சிலியாவ், லிங்கி, பகாவ் என்று நெகிரி செம்பிலானில் எந்தத் தோட்டப் பக்கம் போனாலும் ஒரு பேச்சு காதில் விழும்: காலில் ரப்பர் சிலிப்பர் இருந்தால் கரண்டு அடிக்காது, இடியும் ஒன்றும் செய்யாது. தலைமுறை தலைமுறையாகப் பால்மரத்தை நம்பிப் பிழைத்தவர்கள் ரப்பரையும் நம்புவதில் வியப்பில்லை. ஆனால் இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லக்கூடியது. பள்ளிக்கூட அறிவியல் பாடமே இதற்குச் சாட்சி சொல்வதுபோல் அமைந்துவிட்டது இன்னும் வேதனை.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனை நன்றாகத் தெரியும். இரண்டு உலர் மின்கலம், ஒரு டார்ச் பல்பு, கொஞ்சம் கம்பி. இடைவெளியில் ஆணியை வைத்தால் பல்பு எரியும். அழிப்பானை வைத்தால் எரியாது. ஆணி எளிதிற் கடத்தி, அழிப்பான் அரிதிற் கடத்தி என்று அட்டவணையை நிரப்பியதும் பாடம் முடிந்துவிடுகிறது.

அதே இடைவெளியில் மாணவன் தன் இரண்டு விரல்களை வைத்தால்? பல்பு அப்போதும் எரியாது. அப்படியானால் மனித உடம்பும் அரிதிற் கடத்தி என்று எழுதிவிடலாமா?

கோளாறு பல்பில் இருக்கிறது. அது ஒளிர ஏறக்குறைய 300 மில்லி ஆம்பியர் வேண்டும். மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளோ, தரை ஈரமாகக்கூடிய இடங்களில் வெறும் 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைக் கேட்கின்றன. அதாவது, மனிதனுக்கு ஆபத்தான மின்னோட்டம் அந்தப் பல்பின் கண்ணுக்கே படாது. பல்பு எரியவில்லை என்பதற்கு, 3 வோல்ட்டால் 300 மில்லி ஆம்பியரைத் தள்ள முடியவில்லை என்பது மட்டுமே பொருள். வீட்டுக்கு வருவது 230 வோல்ட்.

ரப்பர் அரிதிற் கடத்தி என்பது உண்மைதான். செம்பு அணுவின் 29 எலக்ட்ரான்களில் வெளிச்சுற்றில் உள்ள ஒன்று பிடி தளர்ந்து உலோகம் முழுக்க அலையும். ரப்பரில் எலக்ட்ரான்கள் பிணைப்புகளுக்குள் இறுகிக் கிடக்கும். ஆனால் மழையில் நனைந்து, மண் அப்பி, குதிகால் தேய்ந்து ஓட்டை விழுந்த சிலிப்பரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கரண்டு காலில்தான் இறங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு கை பழுதான வாஷிங் மெஷினிலும் மறு கை இரும்புத் தண்ணீர்க் குழாயிலும் இருந்தால், அது நெஞ்சின் குறுக்கே ஓடும். சிலிப்பருக்கு அங்கே வேலையே இல்லை. செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பு 11,000 வோல்ட் கம்பியில் பட்டால் ரப்பர் பூட்ஸும் கைகொடுக்காது. மின்பணியாளர்களின் ரப்பர் கையுறை காக்கிறதே என்று கேட்கலாம். அது இன்ன வோல்ட்டுக்கு என்று சோதித்து முத்திரை குத்தப்பட்டது. போடும் முன் காற்றடைத்து ஓட்டை பார்க்கப்படுவது.

இடியின் கதை இன்னும் எளிது. காற்றும் அரிதிற் கடத்திதான். ஒரு சென்டிமீட்டர் உலர்ந்த காற்றை உடைக்கவே சுமார் 30,000 வோல்ட் வேண்டும். அப்படிப்பட்ட காற்றைக் கிலோமீட்டர் கணக்கில் கிழித்துக்கொண்டு வரும் மின்னல், விரல் கனமுள்ள சிலிப்பரைக் கண்டு திரும்பிவிடுமா? காரைக் காப்பது டயர் என்பதும் இதே பிழையின் தம்பி. மின்னோட்டத்தைச் சுற்றி அனுப்பித் தரையில் இறக்குவது காரின் உலோகக் கூடு. 1836-இல் ஃபாரடே காட்டியது இதைத்தான். மோட்டார் சைக்கிளுக்கும் ரப்பர் டயர்தான், ஆனால் ஓட்டுபவரைச் சுற்றிக் கூடு இல்லை.

வகுப்பில் அந்தப் பல்பைக் கழற்றிவிட்டு ஒரு சிவப்பு எல்.இ.டி விளக்கையும் 9 வோல்ட் பேட்டரியையும் பொருத்தட்டும். இரண்டு கம்பி முனைகளையும் ஒன்றோடொன்று தொடாமல் உப்பு நீரில் விட்டால் விளக்கு எரியும். டார்ச் பல்பு அங்கே எரிந்திருக்காது. வெயிலில் வேலை செய்துவிட்டு வருபவரின் சிலிப்பரில் ஊறியிருக்கும் வியர்வையும் உப்பு நீர்தான் என்பதை ஆசிரியர் அப்போது சொல்லலாம்.