ஊருக்குள் சட்டை கழற்றினால் அபராதம், பக்கத்துத் தீவில் துணியே வேண்டாம்: குரோஷியாவின் நிர்வாணக் கடற்கரைகள் எப்படி இயங்குகின்றன?

குரோஷியாவின் ஹ்வார் தீவில் இறங்கியதும் கண்ணில் படும் முக்கியமான விஷயங்களில் ஒன்று, ஓர் எச்சரிக்கைப் பலகை. நீச்சல் உடையோடு ஊருக்குள் நடந்தாலோ, சட்டை போடாமல் சுற்றினாலோ நூற்றுக்கணக்கான யூரோ அபராதம் என்று படம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அதே ஊர்ப் படகுத்துறையில் வாட்டர் டாக்சி பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஜெரோலிம் என்ற குட்டித் தீவு வந்துவிடும். அங்கே ஒட்டுத்துணி இல்லாமல் பாறையில் படுத்துப் புத்தகம் படிப்பவர்களை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

முதல் தடவை கேட்பவர்களுக்கு இது குழப்பும். ஆனால் இந்தக் கடற்கரைகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயமே போதும். 'எல்லாத்தையும் விட்டுட்டாங்க' என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் விதிகள் அதிகம். எந்த எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் எது சரி என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. 2023 ஜனவரி 1-ல் குரோஷியா யூரோவுக்கு மாறியது, ஷெங்கன் பகுதியிலும் சேர்ந்தது. அதற்கு முன் தனி விசா விதிகளைப் பார்க்க வேண்டியிருந்த இந்தியர்களுக்கு இப்போது ஒரே ஷெங்கன் விசாவில் பாரிஸும் பார்க்கலாம், ஏட்ரியாட்டிக் கடலும் பார்க்கலாம். மியூனிக்கில் வேலை பார்க்கும் நம்ம ஊர் ஐடி ஆட்களுக்கோ இஸ்ட்ரியா கடற்கரை ஒரு நாள் கார் பயணம்தான். போகிற வழியில், அல்லது கூகுள் மேப்பில், 'எஃப்.கே.கே.' என்ற மூன்று எழுத்துப் பலகை எதிர்ப்படும். சிலர் அது என்னவென்று தெரியாமலே உள்ளே நடந்துவிட்டு, வந்த வேகத்தில் திரும்புகிறார்கள்.

அந்த மூன்று எழுத்து என்ன?

'ஃப்ரைகோர்ப்பர்குல்ட்டூர்' என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். சுதந்திர உடல் கலாசாரம் என்று சொல்லலாம். வெயில், காற்று, தண்ணீர் மூன்றும் உடம்பில் நேரடியாகப் படுவது ஆரோக்கியம் என்று நம்பி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் வளர்ந்த இயக்கம் இது. காமத்தோடு இதைச் சேர்த்துப் பேசினால் அதன் ஆதரவாளர்களுக்குக் கோபம் வரும். தங்களை நேச்சுரிஸ்ட் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

துணி போட்டுக் குளிக்கும் கடற்கரைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டெக்ஸ்டைல்' பீச். திருப்பூர்க்காரர்கள் சிரிக்கலாம், ஆனால் ஹோட்டல் புக்கிங்கிலும் இந்தச் சொல் வரும், கவனியுங்கள்.

ஜெர்மன் பழக்கம் குரோஷியாவுக்கு வந்தது எப்படி? ராப் என்ற தீவில் 1930-களிலேயே ஆஸ்திரியர்கள் இதைத் தொடங்கிவிட்டார்கள். 1936 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்ட், பின்னாளில் அவர் மணந்த வாலிஸ் சிம்ப்சனோடு அங்கே வந்தார். உள்ளூர் அதிகாரிகளிடம் அனுமதி வாங்கி, கண்டரோலா விரிகுடாவில் இருவரும் ஆடையின்றி நீந்தினார்கள் என்று ராப் தீவில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த இடத்துக்கு 'ஆங்கிலேயர் கடற்கரை' என்றே இன்னொரு பெயர் உண்டு. அதே டிசம்பரில் அவர் முடிதுறந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஆனால் இதைப் பெரிய தொழிலாக்கியது மன்னர் இல்லை, கம்யூனிஸ்ட் அரசு. டிட்டோவின் யூகோஸ்லாவியா சோவியத் முகாமிலிருந்து விலகி நின்ற நாடு. அதற்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. கையில் மார்க் வைத்திருந்த மேற்கு ஜெர்மானியர்களுக்கு வெயிலும் கடலும் தேவைப்பட்டன. 1961-ல் விர்சார் பக்கத்தில், லிம் கால்வாய் கடலில் சேரும் இடத்தில், கோவர்சாடா என்ற நேச்சுரிஸ்ட் முகாம் திறக்கப்பட்டது. கூடாரம் போட்டுத் தங்க இடம், கடை, உணவகம் என்று ஒரு குட்டி ஊரே உருவானது. 1972-ல் உலக நேச்சுரிஸ்ட் மாநாடும் அங்கேயே நடந்தது. தொடர்ந்து இஸ்ட்ரியா முழுக்க இப்படி முகாம்கள் முளைத்தன. உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் துணியோடுதான் இருந்தார்கள். அது அவர்களுக்கு வேலை, வருமானம், அவ்வளவுதான்.

எங்கெல்லாம் இருக்கு?

இரண்டு வகை. வித்தியாசம் தெரியாமல் போகக் கூடாது.

முதல் வகை, வேலி போட்ட முகாம்கள். கோவர்சாடா, ரோவிஞ் அருகிலுள்ள வாலால்டா போன்றவை. வாசலில் ரிசப்ஷன் இருக்கும், அடையாள அட்டை கேட்பார்கள். உள்ளே இருப்பவர்களில் கணிசமானோர் வருஷா வருஷம் வருகிற குடும்பங்கள், ஓய்வுபெற்ற தம்பதிகள். தனியாக வரும் ஆண்களுக்குச் சில முகாம்கள் கட்டுப்பாடு வைப்பதுண்டு. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கிளம்புவதற்கு முன்னாடி மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது வகை, திறந்த கடற்கரைகள். டுப்ரோவ்னிக் பழைய துறைமுகத்திலிருந்து சுமார் 15 நிமிடப் படகில் லோக்ரும் தீவு. மயில்கள் திரியும், பழைய மடாலயம் இருக்கும், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சிம்மாசனத்தின் நகல் இருக்கும். பெரும்பாலானோர் அதோடு திரும்பிவிடுவார்கள். தீவின் இன்னொரு மூலையில், பலகை வைத்துப் பிரித்த பாறைப் பகுதி நேச்சுரிஸ்ட்களுக்கு. இரவு தங்க அனுமதி இல்லை, கடைசிப் படகைத் தவறவிடாதீர்கள். மகார்ஸ்கா ஊரிலிருந்து பைன் காட்டுக்குள் நடந்தால் நுகால். செங்குத்தான பாறைச் சுவருக்குக் கீழே வெள்ளைக் கூழாங்கல், அதன் கீழே கண்ணாடி மாதிரி தண்ணீர். அந்தக் கடற்கரையில் துணியோடு ஒரு பக்கம், துணியில்லாமல் ஒரு பக்கம். இந்தக் கரையின் மிக அழகான இடங்களில் அதுவும் ஒன்று.

இவை தவிர, பாறையில் யாரோ பெயின்டில் மூன்று எழுத்தை எழுதிவிட்டுப் போன ஒதுக்குப்புறங்களும் உண்டு. அழகுக்குக் குறைவிருக்காது. ஆனால் கேட்க ஆளிருக்காது. சில இடங்கள் ஜோடி தேடி வருபவர்களின் இடமாகவும் மாறியிருக்கும். முதல் தடவை போகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், முகாமுக்கோ லோக்ரும் மாதிரி ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கோ போவதுதான் சரி.

அங்கே போய் என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாது?

துண்டு இல்லாமல் எங்கும் உட்காரக் கூடாது. நாற்காலி, பெஞ்ச், பார் ஸ்டூல் எதுவானாலும் முதலில் துண்டு, அப்புறம் ஆள். சுகாதாரம் என்பதால் இதில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. முறைத்துப் பார்க்கக் கூடாது. இது எழுதாத விதி, ஆனால் மீறினால் முதலில் தெரிவது உங்களுக்குத்தான், ஏனென்றால் சுற்றியிருப்பவர்கள் உங்களை முறைக்க ஆரம்பித்துவிடுவார்கள். துணியோடு உட்கார்ந்துகொண்டு துணியில்லாதவர்களை வேடிக்கை பார்ப்பது அங்கே பெரிய அநாகரிகம்.

ஆண்கள் வெளியே கேட்காமல் மனசுக்குள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உடம்பு எசகுபிசகாக ஏதாவது செய்தால்? குப்புறப் படுங்கள், அல்லது கடலில் இறங்குங்கள். தண்ணீர் குளிர்ச்சியாகவே இருக்கும். பாலியல் நடத்தை எதுவானாலும் வெளியேற்றுவார்கள், போலீஸ் வரைக்கும் போகும்.

மெரினா மாதிரி மணல் எதிர்பார்க்காதீர்கள். கல், பாறை, அதில் ஒட்டியிருக்கும் கடல் முள்ளெலி. துணி இல்லாவிட்டாலும் ரப்பர் செருப்பு கட்டாயம் வேண்டும். வெயிலே படாத தோலில் முதல் நாளே மூன்று மணி நேர வெயில் பட்டால் ராத்திரி தூங்க முடியாது. நம்ம நிறத்துக்கு சன்ஸ்க்ரீன் வேண்டாம் என்பது கட்டுக்கதை.

எல்லாவற்றையும்விடப் பெரிய விதி போன். நேச்சுரிஸ்ட் இடங்களில் கேமராவை எடுத்தாலே பிரச்சினை. நீங்கள் உங்கள் காலையும் கடலையும் மட்டும்தான் எடுத்தீர்கள் என்பது பக்கத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அங்கே உட்கார்ந்து "அம்மா, கடல் பாரும்மா" என்று வீடியோ கால் போட்டால் நிலைமை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. போனைப் பைக்குள்ளேயே வையுங்கள்.

இந்தியச் சட்டம் அங்கேயும் துரத்துமா?

ஏட்டளவில் பார்த்தால், ஆம். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்கும் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். ஆனால் அப்படி வழக்கு நடத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பொது இடத்தில் ஆபாசச் செயல் பற்றிய 296-வது பிரிவுக்கு, அது மற்றவர்களுக்குத் தொல்லையாக இருந்திருக்க வேண்டும். எல்லோருமே துணியில்லாமல் இருக்கும், அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்த கடற்கரையில் யாருக்குத் தொல்லை? நடைமுறையில் இதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது படத்துக்கு. அங்கே நீங்கள் நின்றது ஒரு விஷயம், அதை இன்ஸ்டாகிராமில் போடுவது வேறு விஷயம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவின்படி, ஆபாசமானதை மின்னணு வடிவில் வெளியிட்டால் முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். 2020 நவம்பரில் நடிகர் மிலிந்த் சோமன், கோவா கடற்கரையில் ஆடையின்றி ஓடும் தன் படத்தைப் பகிர்ந்தபோது, கோவா போலீஸ் வழக்குப் பதிவு செய்தது நினைவிருக்கலாம்.

நிர்வாணம் என்றாலே ஆபாசமா? இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர், கறுப்பினத் தந்தைக்குப் பிறந்த தன் காதலியோடு ஆடையின்றி எடுத்துக்கொண்ட படத்தை இந்தியப் பத்திரிகைகள் மறுபிரசுரம் செய்த வழக்கில், 2014-ல் வந்த தீர்ப்பு அது. படத்தை அதன் சூழலோடு, இன்றைய சமூக அளவுகோலில் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். படம் வந்தது 1993-ல். தீர்ப்புக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு பதிவுக்காக அத்தனை வருஷம் அலையத் தயாரா என்பதைப் பதிவிடுபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தியாவில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நிர்வாணக் கடற்கரை எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், உலகில் பதிவான முதல் நேச்சுரிஸ்ட் சங்கம் உருவானதே இந்தியாவில்தான். 1891-ல், மும்பைக்குப் பக்கத்துத் தானேவில். தொடங்கியவர் அங்கே நீதிபதியாக இருந்த சார்லஸ் கிராஃபோர்ட் என்ற ஆங்கிலேயர். மொத்த உறுப்பினர்கள் மூன்று பேர், அடுத்த வருஷமே கதை முடிந்தது.

ஏன் குறைந்துகொண்டே வருகிறது?

ஐரோப்பாவிலும் இந்தப் பழக்கம் வயதாகிக்கொண்டிருக்கிறது. ஜெர்மன் நேச்சுரிஸ்ட் கூட்டமைப்பில் கால் நூற்றாண்டுக்கு முன் சுமார் 65,000 உறுப்பினர்கள் இருந்தார்கள். இப்போது அதில் ஏறக்குறையப் பாதி. அறுபதுகளில் காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு இஸ்ட்ரியா வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், நீச்சல்குளமும் வைஃபையும் உள்ள மொபைல் ஹோம் கேட்கிறார்கள். முதலாளிகளும் கணக்குப் போடுகிறார்கள். ஃபுன்டானாவில் பல்லாண்டுகள் நேச்சுரிஸ்ட் முகாமாக இருந்த 'இஸ்ட்ரா' இன்று டெக்ஸ்டைல் கூட்டத்துக்கான சொகுசு முகாம்.

ஒழுக்கம் பேசியவர்களால் ஆகாததை மொபைல் கேமரா செய்துவிட்டது என்றே தோன்றுகிறது. முன்பு ஒரு கடற்கரையில் உங்களைப் பார்த்தவர்கள் அந்தக் கடற்கரையில் இருந்தவர்கள் மட்டும்தான். இன்று அலுவலக வாட்ஸ்அப் குரூப்பும் பார்க்கலாம். முப்பது வயதுக்காரர் தயங்குவதில் ஆச்சரியமில்லை.

எல்லைக்கோடு மங்கும்போது சண்டையும் வருகிறது. ஜெர்மனியின் பால்டிக் கரையிலுள்ள ரோஸ்டாக் நகரம் 2025-ல் புது விதி கொண்டுவந்தது. அதன்படி நிர்வாணப் பகுதியில் துணியோடு தங்குபவர்களைக் கடற்கரை ஊழியர்கள் வெளியேறச் சொல்லலாம். அதே கையோடு அந்தப் பகுதிகளின் எண்ணிக்கையை 37-லிருந்து 27-ஆகக் குறைத்தது.

குரோஷியாவில் ஜெரோலிம் போன்ற இடங்களில் இப்போது துணியோடு வருபவர்களும் கலந்தே இருக்கிறார்கள். அதனால் ஐந்து வருஷத்துக்கு முந்தைய 'டாப் 10' பட்டியலை நம்பிக் கிளம்பாதீர்கள். முகாம் என்றால் அதன் சொந்தத் தளத்தில் இந்த சீசனுக்கான விதியைப் படியுங்கள். மியூனிக்கிலிருந்து காரில் போகிறவர்கள் பாஸ்போர்ட்டையும் ரெசிடென்ஸ் கார்டையும் மறக்க வேண்டாம். ஷெங்கனுக்குள்தான் என்றாலும், குரோஷிய எல்லையில் ஸ்லோவேனியா 2023 அக்டோபரில் மறுபடி சோதனையைத் தொடங்கி, தொடர்ந்து நீட்டித்து வந்திருக்கிறது.