பழஞ்சுவருக்கு உரிய சாந்து

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் பல பகுதிகள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடியில் கிடந்தன. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிச் சுண்ணாம்புக் கல்லாயின. இன்று அக்கல்லைக் கொண்டு சிமெண்டு ஆலைகள் பல இயங்குகின்றன. 1979 ஆம் ஆண்டில் அரசும் அரியலூரில் ஓர் ஆலையை நிறுவியது.

ஆயினும், சுண்ணாம்பின் பயன் சிமெண்டு ஒன்றே அன்று. இங்கிலாந்தில் 1824 ஆம் ஆண்டில் சிமெண்டு காப்புரிமை பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே, நம் நாட்டுக் கட்டடங்கள் சுண்ணச்சாந்தால் எழுந்து நின்றன. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவுக்காக 1768 இல் சென்னைச் சேப்பாக்கத்தில் எழுந்த மாளிகையும் அத்தகையதே. அக்காலத்துக் கொத்தர்கள் நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் நன்கு அரைத்தனர். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பதப்படுத்தினர். தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அச்சாந்தால் பிணித்து மேல்தளம் அமைத்தனர்.

இத்தகைய வீடு பழுதுறுங்கால் சிமெண்டு பூசுவோர் பலர். சிமெண்டு வலியது, விரைவில் இறுகுவது, அணைக்கும் பாலத்திற்கும் ஏற்றது. பழஞ்சுவருக்கோ அது பகையாகும். சுண்ணப்பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே செல்லவிடும். சிமெண்டுப் பூச்சோ அதனை உள்ளேயே அடைக்கும். அடைபட்ட ஈரத்தில் உள்ள உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். வெளியே வழவழப்பும் உள்ளே அழிவுமாய்ச் சுவர் மெலியும்.

சேப்பாக்கம் மாளிகையின் ஒரு பகுதி 2012 இல் தீக்கு இரையாயிற்று. எரிந்ததை இடித்தெறியாமல், சுண்ணச்சாந்து கொண்டே அதனைச் சீர்செய்தனர். இதுவே நெறி.

சுண்ணவேலைக்குக் காலமும் பொருளும் மிகுதியாக வேண்டும் என்பர். உண்மையே. ஆனால், தவறான பூச்சால் இடிந்த மாளிகையை எப்பொருள் கொடுத்தும் மீட்டல் இயலாது. சாந்தின் பதமறிந்த கொத்தர் நாளும் அருகி வருகின்றனர். அவர் கையோடு அக்கலையும் மறைந்துவிடலாகாது. சுண்ணாம்புக் கல் விளையும் மண்ணின் இளைஞர், சிமெண்டுத் தொழிலோடு அப்பழங்கலையையும் கற்றல் வேண்டும். புதியதைப் புதியதால் கட்டுக. பழையதை அதற்குரியதால் காக்க.