பழைய பக்கத்தை அழிக்கச் சொல்ற புண்ணியவான்களுக்கு...

கொஞ்ச நாளா ஒரு வார்த்தை காதுல விழுந்துக்கிட்டே இருக்கு மக்களே. 'கேனிபலைசேஷன்'. அதாவது தன் இனத்தையே தின்பது. பயந்துடாதீங்க, பேய்க்கதை எல்லாம் இல்ல. உங்க தளத்துல இருக்கிற ரெண்டு பக்கம் ஒரே தேடலுக்குப் போட்டி போட்டு, ஒண்ணோட வாய்ப்பை இன்னொண்ணு தின்னுடுதாம். அதுக்கு நம்ம எஸ்.இ.ஓ. அண்ணாச்சிங்க வச்சிருக்கிற பேரு.

வியாதி உண்மையான்னு கேட்டா, உண்மைதான். ஆனா இவங்க எழுதித் தர்ற மருந்துச்சீட்டு இருக்கே, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. "பழசை எல்லாம் டெலீட் பண்ணிடுங்க சார்!" மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துன கதை.

எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க பத்து வருஷத்துக்கு மேல சமையல் தளம் நடத்தறாங்க. ஒரு 'நிபுணர்' ஏதோ ஒரு டூல்ல போட்டு எடுத்த எக்செல் ஷீட்டை அனுப்பி, சிவப்பு அடிச்சதை எல்லாம் தூக்கச் சொல்லிட்டார். சிவப்புல என்ன இருந்துச்சு தெரியுமா? 'பொங்கல்'ங்கிற சொல் வர்ற அத்தனை பக்கமும்! வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், சாமைப் பொங்கல், அவங்க ஊர் மாட்டுப்பொங்கல் பத்தின கட்டுரை உட்பட. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்குதாம். வெண்பொங்கலும் மாட்டுப்பொங்கலும் எங்கய்யா அடிச்சுக்குது? :-)

இங்கதான் அடிப்படையே கோளாறு. ரெண்டு பக்கத்துல ஒரே சொல் வந்தா அது போட்டி ஆகாது. தேடி வர்றவரோட தேவை ஒண்ணா இருந்தாத்தான் போட்டி. 'குக்கரில் வெண்பொங்கல்', 'வெண்பொங்கல் செய்முறை', 'சுவையான வெண்பொங்கல் செய்வது எப்படி'ன்னு மூணு பக்கம் வச்சு, மூணுலயும் அதே அரிசி, அதே பருப்பு, அதே மிளகுன்னா, ஆமாம், அது போட்டி. சர்க்கரை வியாதிக்காரர் சாமைப் பொங்கல் தேடி வர்றார்னா அவர் வேற ஆளு, அவருக்கு வேற பக்கம். அவ்ளோதான்.

வியாதி இருக்கான்னு பார்க்கக் காசு கொடுத்து டூல் வாங்க வேணாம். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். அதுல செயல்திறன் அறிக்கையைத் திறந்து, ஒரு தேடல் சொல்லைத் தேர்ந்தெடுத்துட்டு, பக்கங்கள் பட்டியலைப் பாருங்க. ஒரு மாசம் ஒரு பக்கம், அடுத்த மாசம் இன்னொரு பக்கம்னு மாறி மாறி எட்டிப் பார்த்துட்டு ரெண்டும் மேல போகாம இருந்தா, அப்ப சந்தேகப்படுங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்தே முன்னால நிக்குதுன்னா அது வியாதியே இல்லீங்க, ரெண்டு சீட்டு கிடைச்சிருக்கு! 2019 ஜூன்ல கூகுள் கொண்டு வந்த மாற்றத்துக்கு அப்புறம், முன்வரிசை முடிவுகள்ல ஒரு தளத்துக்குப் பொதுவா ரெண்டு இடத்துக்கு மேல கிடைக்கிறதில்ல. கிடைச்ச ரெண்டுல ஒண்ணை நாமளே அழிக்கணுமாம். நல்லா இருக்குய்யா நியாயம்.

சரி, உண்மையாவே போட்டி இருந்தா என்ன செய்யலாம்?

ஒரே தேவைக்கு ரெண்டு மூணு பக்கம்னா, அதிகப் பேர் இணைப்பு கொடுத்திருக்கிற பக்கத்தை வச்சுக்கோங்க. மத்ததுல இருக்கிற நல்ல விஷயத்தை அதுல சேருங்க. அப்புறம் பழைய முகவரியில இருந்து 301 ரீடைரக்ட். 'நிரந்தரமா வீடு மாறியாச்சு'ன்னு கதவுல சீட்டு ஒட்டுற மாதிரி. ப்ளாக்கர்லயே இதுக்கு அமைப்புகள்ல வசதி இருக்கு, அதே வலைப்பூவுக்குள்ள மட்டும் செல்லும். பழைய இணைப்பைப் பிடிச்சு வர்றவரும் நடுத்தெருவுல நிக்க மாட்டார்.

ரெண்டு பக்கமும் இருந்தே ஆகணும், ஆனா உள்ளடக்கம் கிட்டத்தட்ட ஒண்ணுன்னா (அச்சுப் பிரதிக்குன்னு தனிப் பக்கம் மாதிரி) கேனானிக்கல் குறி. 2009 பிப்ரவரியில கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூணும் சேர்ந்து அறிவிச்சது. 'இதுதான் மூலப் பக்கம்'னு நாம சொல்ற குறிப்பு. குறிப்புதான், கட்டளை இல்ல. கூகுள் ஏத்துக்கலாம், தள்ளலாம். இதையும் போட்டுட்டு ரோபாட்ஸ் கோப்புல அந்தப் பக்கத்தைத் தடுத்தும் வைக்காதீங்க. உள்ள வர முடியாதவன் கண்ணுக்குக் குறி எப்படித் தெரியும்?

தேவை வேற வேறன்னா தலைப்பைத் தெளிவா மாத்துங்க, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு இணைப்பு கொடுங்க. 'இங்கே சொடுக்கவும்'னு இல்லாம, 'சாமைப் பொங்கல் செய்முறை'ன்னு பேர் சொல்லிக் கொடுங்க.

வருஷா வருஷம் 'பொங்கல் வைக்க நல்ல நேரம்'னு புதுப் பக்கம் திறக்கிற பழக்கத்தையும் விட்டுடுங்க. ஒரே முகவரி, உள்ளே வருஷாவருஷம் புதுத் தகவல். தள்ளுபடித் திருவிழா நடத்துற கடைக்காரங்களுக்குக் கூகுள் சொல்றதும் இதேதான். அதே மாதிரி 'இட்லி'க்கு ஒண்ணு, 'இட்டிலி'க்கு ஒண்ணுன்னு எழுத்துக்கு எழுத்து பக்கம் போடாதீங்க. ஒரே பக்கத்துல ரெண்டையும் இயல்பா எழுதினாப் போச்சு.

இதைச் செஞ்சு காட்டுற தளம் நம்ம கண்ணு முன்னாடியே இருக்கு. விக்கிப்பீடியா. ஒரு பொருளுக்கு ஒரு கட்டுரை. ரெண்டு பேர் தனித்தனியா எழுதிட்டா ஒண்ணாக்குவாங்க. வேற எழுத்துல தேடினா வழிமாற்று. ஒரே பேர்ல பல பொருள் இருந்தா பக்கவழி நெறிப்படுத்தல். எவனும் எக்செல் ஷீட்டுல சிவப்பு அடிக்கல.

எதிர்ப்பக்கம் பாருங்க. 1990கள்ல தொடங்கின சிநெட் தளம், தேடல்ல முன்னேறணும்னு ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை எடுத்துட்டதா 2023 ஆகஸ்ட்ல செய்தி வந்துச்சு. பழசா இருக்குன்னு கூகுளுக்குப் பிடிக்காதுன்னு நினைச்சு அழிக்காதீங்க, அப்படி ஒண்ணு கிடையாதுன்னு கூகுள் தரப்பே அப்ப பகிரங்கமா சொன்னாங்க. இங்க நம்மாளுங்க இன்னும் அந்தச் சீட்டையே எழுதிக்கிட்டு இருக்காங்க.

உடனே 'கிரால் பட்ஜெட்'னு ஒரு பூச்சாண்டி வரும். பக்கம் நிறைய இருந்தா கூகுள் ரோபாட் களைச்சுப் போயிடுமாம். கூகுளோட சொந்த வழிகாட்டியைப் படிங்கய்யா. சுமார் 10 லட்சம் பக்கம் இருக்கிற தளம், இல்ல தினமும் மாறுற 10,000 பக்கம் இருக்கிற தளம் கவலைப்படற விஷயம் அது. முந்நூறு பதிவு எழுதின நமக்கு எதுக்கு அந்தக் கவலை?

எதையுமே அழிக்கக் கூடாதுன்னு சொல்லல. சோதனைக்குப் போட்ட வெத்துப் பக்கம், எங்கிருந்தோ வெட்டி ஒட்டினது, தாராளமா தூக்குங்க. ஆனா ஒண்ணை யோசிங்க. இங்கிலீஷ்ல ஒரு பக்கம் போனா அதே விஷயத்துக்கு நூறு பக்கம் நிக்கும். தமிழ்ல ஒரு கிராமத்துச் சமையலுக்கோ, ஒரு சின்னக் கோயில் திருவிழாவுக்கோ இருக்கிறதே உங்க ஒரு பக்கமாத்தான் இருக்கும். அதை அழிச்சா யாரோட போட்டியும் தீரல. அந்த விஷயமே இணையத்துல இல்லாமப் போகுது. மாசத்துக்கு நாலு பேர்தான் படிக்கிறாங்கன்னா, அந்த நாலு பேருக்கு வேற போக்கிடம் இல்லைன்னும் அர்த்தம்.

அந்த அக்காகிட்ட நான் சொன்னது இதுதான்: மூணு வெண்பொங்கலை ஒண்ணாக்குங்க, மாட்டுப்பொங்கலைத் தொடாதீங்க. உங்களுக்கும் அதேதான்.

டிஸ்கி: எஸ்.இ.ஓ. தொழில் பண்ற நல்லவங்களும் இருக்காங்க, அவங்க கோவிச்சுக்க வேணாம். மத்தவங்க பின்னூட்டத்துல வாங்க, சண்டை போடலாம் :-)