தெரு பொதுன்னா காலனித் தெருவும் தெருதானே

போன வாரம் சின்ன வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கிட்டு இருந்தப்ப சென்னையிலிருந்து அண்ணன் மகன் போன் பண்ணினான். "சித்தப்பா, வாட்ஸ்ஆப்ல ஒண்ணு அனுப்பியிருக்கேன், பாத்தீங்களா? நம்ம பெரம்பலூர் பக்கம்தான். இவ்வளவு அநியாயம் நடந்திருக்கு, நீங்க ஒரு வார்த்தை எழுதலையே?" என்றான். களை எடுக்க வந்த ஆளுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுக்கற நேரம். சாயங்காலம் பாக்கறேன்னு சொல்லி வெச்சுட்டேன்.

அனுப்பியிருந்தது வி.களத்தூர் விவகாரம். வேப்பந்தட்டை வட்டத்துல இருக்கற ஊர். சென்னை உயர் நீதிமன்றம் 2021ஆம் வருஷமே தீர்ப்பு சொல்லி முடிச்ச வழக்கு. அவன் குரூப்புக்கு இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கு போல. மேலே சிவப்பு எழுத்து, கீழே கோபப்படற முகம் நாலு. சரி, கேட்டுட்டான், எழுதறேன். ஆனா அவன் எதிர்பாக்கற மாதிரி வருமான்னு தெரியல.

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். வி.களத்தூர்ல முஸ்லிம் மக்கள் அதிகம். அங்கே இருக்கற இந்துக் கோயில்களுக்கு மூணு நாள் திருவிழா. சாமி எல்லாத் தெருவிலும் ஊர்வலமா போகும். 2011 வரைக்கும் இப்படித்தான் போச்சு. 2012லேர்ந்து முஸ்லிம் தரப்புல ஆட்சேபம் வந்தது, எங்க தெரு வழியா வரக்கூடாதுன்னு. அப்புறம் போலீஸ் கட்டுப்பாடு, கோர்ட், மேல்முறையீடுன்னு வருஷக்கணக்கா ஓடுச்சு. கடைசியில நீதிபதிகள் கிருபாகரனும் வேல்முருகனும் சேர்ந்த அமர்வு சொன்னது இதுதான்: தெருவும் ரோடும் எந்த மதத்துக்கும் சொந்தம் இல்ல, எல்லாருக்கும் பொது. ஒரு இடத்துல ஒரு மதத்துக்காரங்க நிறைய இருக்காங்கங்கறதுக்காக இன்னொரு மதத்துக்காரங்க விழாவைத் தடுக்க முடியாது. அப்படித் தடுக்கலாம்னு ஆரம்பிச்சா, இந்த நாட்டுல பெரும்பாலான ஊர்கள்ல சிறுபான்மை மக்கள் எந்த விழாவும் நடத்த முடியாமப் போயிடும்.

இதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. தடுத்தது தப்பு. நாலு பேர் மேளத்தோட ஒரு சாமியைத் தூக்கிக்கிட்டு நம்ம வாசல் வழியா போறதால நம்ம நம்பிக்கைக்கு என்ன குறைஞ்சிடும்? என் வாசல்ல நான் நம்பாத சாமி போனா நான் உள்ள போய் சாப்பிடலாம், இல்ல திண்ணையில உக்காந்து வேடிக்கை பாக்கலாம். முஸ்லிம் நண்பர்கள்கிட்டயும் இதை நேராவே சொல்லியிருக்கேன். லப்பைக்குடிக்காட்டுல எனக்குப் பழக்கமான ஒரு பாய், வருஷக்கணக்கா எங்க பருத்தியை எடை போட்டு வாங்கினவர், "அது பெரிய தப்பு தம்பி, எங்க வாப்பா காலத்துல இப்படி ஒரு பேச்சே கிடையாது" என்றார். துபாய்ல இருக்கற அவர் மகன் வேற மாதிரி பேசுவான்னும் அவரே சொன்னார். எல்லா மதத்துலயும் அப்பன் ஒரு மாதிரி, மகன் ஒரு மாதிரி ஆகிக்கிட்டு இருக்கற காலம் இது. என் அண்ணன் மகனும் அப்படித்தானே.

இந்தச் சண்டை புதுசும் இல்ல. 1882லயே சேலத்துல மசூதி முன்னால மேளம் வாசிக்கற தகராறு கலவரமா வெடிச்சிருக்கு. பொதுத் தெருவுல மத ஊர்வலம் போறது உரிமைதான்னு 1924ல லண்டன் பிரிவி கவுன்சிலே சொல்லிட்டாங்க. நூறு வருஷம் கழிச்சும் அதையே நாம மறுபடி கோர்ட்ல போய்க் கேட்டுக்கிட்டு இருக்கோம்.

இப்ப என் அண்ணன் மகனுக்கு வர்றேன். தெரு எல்லாருக்கும் பொதுங்கற தீர்ப்பைப் படிச்சு நீ சந்தோஷப்பட்டே. நல்லது. நீ பொறந்த ஊர்ல சாமி எந்தெந்தத் தெரு வழியா போகும்னு ஒரு தடவை யோசிச்சுப் பாத்தியா?

எங்க ஊர் மாரியம்மன் தேர் மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு சுத்தி, பள்ளிக்கூடத்துக்கிட்ட திரும்பிடும். பள்ளிக்கூடத்தைத் தாண்டினா காலனி. அங்கே போகாது. என் தாத்தா காலத்துலயும் போகல, என் அப்பா காலத்துலயும் போகல. நான் அஞ்சு வருஷம் விழாக் கமிட்டியில இருந்தேன், அப்பவும் போகல. காலனி சனங்க பள்ளிக்கூட மதில்கிட்ட தாம்பாளத்தோட வந்து நிப்பாங்க. அங்கேயே தேங்காய் உடைச்சுக் கொடுத்துட்டுத் தேரைத் திருப்பிடுவோம். தேருக்கு முன்னால பறை அடிச்சுக்கிட்டு வர்றது யாரு? அவங்கதான். மேலத்தெருவுலேர்ந்து அடிச்சுக்கிட்டே வந்து, சொந்தத் தெரு முனையில சாமியைத் திருப்பி விடறதுக்கும் அவங்களே அடிக்கணும்.

இன்னொண்ணு இருக்கு, பட்டணத்து வாசகர்களுக்குத் தெரிஞ்சிருக்காது. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரின்னு ஒண்ணு வாங்குவோம். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆம்பளைக்கும் இவ்வளவுன்னு. வரி கொடுத்தவன் ஊர்க்காரன். கோயில்ல அவனுக்குப் பேச்சு உண்டு, மாலை உண்டு, பங்கு உண்டு. காலனியில மட்டும் வரி வாங்க மாட்டோம். வெளியூர்க்காரங்க கேட்டா, பாவம் ஏழைங்க, அவங்ககிட்ட எதுக்குன்னு பெருந்தன்மையா சொல்லுவோம். வாங்கினா பங்கு கொடுக்கணும், அதனாலதான் வாங்கறதில்லங்கறது ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அவங்களுக்கும் தெரியும். எனக்குத் தெரிஞ்சு ரெண்டு தடவை காலனிப் பசங்க பணத்தை எண்ணிக் கொண்டு வந்து நீட்டியிருக்காங்க. ரெண்டு தடவையும் திருப்பிக் கொடுத்தோம். ஒரு தடவை திருப்பிக் கொடுத்த கை என் கைதான். ரசீதுப் புஸ்தகம் தீந்துடுச்சுன்னு சொன்னேன். புஸ்தகம் என் மடியிலேயே இருந்தது.

1947லயே ஓமந்தூரார் ஆட்சியில கோயில் நுழைவுச் சட்டம் வந்தாச்சு. எந்த இந்துவையும் கோயிலுக்குள்ள விடமாட்டேன்னு சொல்லக்கூடாது. எங்க ஊர்ல யாரும் அப்படிச் சொல்லலியே! எந்தப் பலகையும் மாட்டல. தேர் பள்ளிக்கூடத்துக்கிட்ட திரும்பிடுது, அவ்வளவுதான்.

இதை எழுதினா என்ன பதில் வரும்னு தெரியும். "மத்த மதத்துல மட்டும் ஒழுங்கா?" இல்லை. கும்பகோணம் மறைமாவட்டத்துல, எங்களுக்குப் பக்கத்துத் துறையூர்ப் பக்கம் கோட்டப்பாளையம்னு ஒரு பங்கு. அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தங்களை ஒதுக்கி வெக்கறாங்கன்னு வழக்குப் போட்டு, அது 2025ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. ஒரே பைபிள், ஒரே பாதர். ஆனா சாதி ஞானஸ்நானத் தண்ணியில கரையல. அங்கயும் தப்பு தப்புதான். ஆனா பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகுதுங்கறது என் கூரை ஒழுகறதுக்குப் பதில் இல்ல.

எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. அதையும் சொல்லிடணும், இல்லாட்டி நான் கடவுள் மறுப்புக்காரன்னு ஒரு கமெண்ட் வரும். வருஷா வருஷம் அரியலூர் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்கு முதல் வெள்ளாமையில ஒரு பங்கு கொண்டு போறவன் நான். அங்கே கருவறையில சிலையே கிடையாது, ஒரு கம்பம்தான். தொலைஞ்சு போன சினை மாடு அந்தக் கம்பத்துக்கிட்ட கிடைச்சதுன்னு கதை. வேளாண்மைக்காரன் சாமி அது. மக்காச்சோளமும் கொடுக்கலாம், கன்னுக்குட்டியும் கொடுக்கலாம், வாங்கிக்கும். சிறுவாச்சூர் மதுரகாளிக்குத் திங்கக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் விசேஷம். அந்த நாளைப் பாத்துத்தான் எங்க வீட்டுல எந்த நல்ல காரியமும் ஆரம்பிக்கும்.

அதே சமயம் எனக்கு முதல் மொட்டை போட்டது ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில்ல. குழந்தையில எனக்கு உடம்புல கட்டி கட்டியா வந்து ஆறவே இல்லையாம். அம்மா நேந்துக்கிட்டாங்க. ஏன் அங்கேன்னா, அரியலூர் மழவராயருக்கு ராஜபிளவை வந்து வைத்தியமெல்லாம் கைவிட்டப்ப, ஏலாக்குறிச்சியில இருந்த வீரமாமுனிவர் மாதாவை வேண்டிச் சேத்து மண்ணைப் பூசி ஆத்தினார்னு எங்க பக்கம் காலங்காலமா சொல்ற கதை. ராஜா சந்தோஷப்பட்டுக் கோயிலுக்கு நிலம் கொடுத்தார்னு சொல்லுவாங்க. ராஜா மதம் மாறல. முனிவரும் ராஜாவை மாறச் சொல்லி அடம் பிடிச்சதாக் கதை இல்ல. இத்தாலியிலேர்ந்து வந்த மனுஷன், இந்த மண்ணுல தமிழ் படிச்சு ஒரு காப்பியமே எழுதிட்டுப் போயிருக்கார். எங்க அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நெத்தியில திருநூறோட மாதா முன்னால மெழுகுவத்தி ஏத்தினாங்க. யாரும் ஏன்னு கேக்கல. தஞ்சாவூர்ப் பக்கம் காசவளநாடு புதூர்ல இந்துக்கள் மொகரத்தைத் தங்க ஊர்த் திருவிழாவா எடுத்து நடத்தறாங்க. அவங்களையும் யாரும் கேக்கல, சமீப காலம் வரைக்கும்.

இதுக்குச் சகிப்புத்தன்மைன்னு பேர் வெக்கறாங்க. எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கல. பல்வலியைச் சகிச்சுக்கலாம், மின்வெட்டைச் சகிச்சுக்கலாம். எங்க அம்மா மாதாவைச் சகிச்சுக்கல, நம்பினாங்க.

ஆனா அதே அம்மா, எங்க வயல்ல வேலை பாத்த காலனி அம்மாவுக்குத் தண்ணியைக் கையில ஊத்தித்தான் கொடுத்தாங்க. சொம்பைக் கொடுக்கல. இத்தாலிக்காரச் சாமிக்கு வீட்டுல இடம் இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவங்களுக்கு இல்ல. எங்க அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் கூசுது. இருந்தாலும் நடந்தது நடந்ததுதானே.

அதனாலதான் அந்த வாட்ஸ்ஆப் செய்தி எனக்கு உறைக்கல தம்பி. 2019 ஏப்ரல் 18, ஓட்டுப் போட்ட அன்னைக்கு, அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில தலித் மக்கள் வீடுகளை அடிச்சு நொறுக்கினாங்களே, அந்தச் சண்டையில வேற மதங்கற பேச்சே இல்ல. அன்னைக்கு உன் குரூப்புல இந்து ஒற்றுமை பத்தி ஒரு கோபமுகம் கூட வந்த ஞாபகம் எனக்கு இல்ல.

சரி, கதைக்கு வர்றேன். அவன் போன் பண்ணின மறுநாள்தான் ஊர்க்கூட்டம். வர்ற சித்திரைத் திருவிழாவுக்கு இப்பவே தேர்ச் சக்கரம் மாத்தணும்னு பேச்சு. நான் எந்திரிச்சு, சக்கரம் மாத்தறதோட தேரைக் காலனிக்கும் விடலாமேன்னு கேட்டேன். வி.களத்தூர் தீர்ப்பையும் சொன்னேன். அது வேற விஷயம்னாங்க. எப்படி வேறன்னு கேட்டேன். "அங்கே தடுத்தது துலுக்கன்" என்றார் ஒருத்தர். "இங்கே தடுக்கறது நாம" என்றேன். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் சத்தம்தான். என் பங்காளி ஒருத்தர், வயசுல மூத்தவர், சாந்தமா சொன்னார்: "யாரும் வேண்டாங்கலப்பா. அந்தத் தெரு குறுகல், தேர் திரும்பாது."

அறுபது வருஷமாச் சொல்ற காரணம். நானும் கமிட்டியில இருந்தப்ப இதையே சொல்லியிருக்கேன்.

மறுநாள் காலையில அளவு டேப்பை எடுத்துக்கிட்டுக் காலனிக்குப் போனேன். பால்வாடிக்கு எதிர்ல ஒரு பையன் நுனியைப் பிடிச்சான். சிமெண்ட் ரோடு பதினாலு அடி. தேர், அச்சோட சேத்து ஒம்பது அடி. முனையில ஒரு புளியமரம், அதோட ஒரு கிளை தாழ்வா இருக்கு, வெட்டணும். போன தை மாசம் நெல்லு அறுக்கற மிஷின் இந்தத் தெரு வழியாத்தான் என் வயலுக்கே வந்தது, அதே முனையில திரும்பித்தான் போச்சு. டிரைவர் ஒரு தடவை கூட ரிவர்ஸ் எடுக்கல.

டேப்பைச் சுத்திக்கிட்டு இருந்தப்ப அந்தப் பையனோட அப்பா வந்தார். நான் ரசீதுப் புஸ்தகம் தீந்துடுச்சுன்னு சொல்லி அனுப்பினது இவரைத்தான். "எதுக்குண்ணே அளக்கறீங்க?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னார். "அளவு எங்களுக்குத் தெரியும்ணே. நாங்க அளந்து எழுதிக் கொடுத்து எட்டு வருஷம் ஆச்சு" என்றார்.

அடுத்த கூட்டம் தை ரெண்டாவது ஞாயிறு.